பட்டுப்புடவைக்குள் இருந்த புழு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தென்கொரியப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சியோல் நகரத்து அரண்மனைகளையும் ரயில்களையும் ரசித்து ரசித்து எழுதியவர், சாப்பாட்டுக்கு வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். 'புழுவைக் கோப்பையில் போட்டுத் தின்கிறார்கள், ஐயோ!' என்று ஒரு வரி. கூடவே, அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் படம். பின்னால், தன்னை வைத்துத்தான் இந்தக் கூத்து என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார் கடைக்கார அம்மாள். அந்த அம்மாளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் சொல்லும் புழு, பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழு. கொரியர்கள் பொன்டேகி என்பார்கள். எனக்கு அது பழகிய பொருள். தருமபுரிப் பக்கம் எங்கள் அப்பா கூட்டிலிருந்து பட்டு நூல் எடுக்கும் கொட்டகை வைத்திருந்தார். கொதிக்கும் நீரில் கூடுகளைப் போட்டு, இழையின் நுனியைத் தேடிப் பிடித்து ராட்டையில் ஏற்றுவார்கள். ஒரு கூட்டுக்கு ஒரே இழைதான். நல்ல கூடு என்றால் 1,000 மீட்டரையும் தாண்டும். இழை முழுக்க உருவியபின் தொட்டியின் அடியில் பழுப்பாகக் கிடப்பது புழு. அதை வாரி, சாக்கில் பரப்பி, வெயிலில் காயவைப்பார்கள். கோழித் தீவனத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகும். அந்த வாடை என் பள்ளிக்கூடப் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டு வரும். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவாள்.

போன வருடம் மகள் வீட்டுக்கு சியோல் போயிருந்தேன். ஒரு சந்தை முனையில் நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று அதே வாடை. அப்பாவின் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டதைப் போல நின்றுவிட்டேன். அகலமான பாத்திரத்தில் புழுக்கள் உப்புச்சாற்றில் கொதித்துக்கொண்டிருந்தன. "அம்மா, வாருங்கள் போகலாம்" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் ஒரு கோப்பை வாங்கினேன். மேலே ஒரு பல் குச்சியைக் குத்திக் கொடுத்தார்கள். கடித்ததும் உள்ளேயிருந்து உப்புநீர் பீச்சியது. மேல்தோல் சக்கையாக நாக்கில் நின்றது. ஊறிய வேர்க்கடலையும் ஈரக் கட்டையும் கலந்ததுபோல் ஒரு ருசி. நாக்கு ஒப்பவில்லை. இரண்டாவதை வாயருகே கொண்டுபோய்த் திருப்பி வைத்துவிட்டேன். கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். சிறுவயதில் சுருட்டிய பத்திரிகைத் தாளில் வாங்கித் தின்றாராம். நமக்குச் சுண்டல் பொட்டலம் மாதிரி.

தாளில் சுருட்டி விற்ற அந்தக் காலம் கொரியப் போருக்குப் பிந்தைய ஆண்டுகள். 1960, 70களில் அந்நாடு பட்டு ஏற்றுமதியை முடுக்கிவிட்டது. இழை வெளிநாட்டுக்குக் கப்பலேறியது, புழு உள்ளூரில் மிஞ்சியது. கறி வாங்க வழியில்லாத வீடுகளில் பிள்ளைகளுக்குச் சத்தாகக் கிடைத்தது அதுதான். நாம் இழையைக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு புழுவைக் கோழிக்குப் போட்டோம். அவர்கள் தாங்களே தின்றார்கள். ஒரு பட்டுப்புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வெந்நீரில் இறங்குகின்றன. அதைக் கட்டும்போது வராத 'ஐயோ', கோப்பையைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது?

பிடிக்காததைத் தின்றே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குவாங்ஜாங் சந்தையில் உயிரோடு நறுக்கிய ஆக்டோபஸ் தட்டில் நெளிந்தபோது நானும் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அதைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் உறிஞ்சிகள் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். உயிர் போனதும் உண்டு. கும்பிடு போட்டு வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை. அதே சந்தையில் கல் இயந்திரத்தில் பாசிப்பயறு அரைத்து எண்ணெய் மிதக்கச் சுட்டெடுக்கும் பிந்தேதொக் இருக்கிறது. நம் வீட்டு அடைக்குச் சித்தப்பா பிள்ளை. இரண்டு தின்றேன். கட்டுரையாளர் கண்ணில் அது ஏன் படவில்லையோ!

சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்றையும் அவர் சொல்லவில்லை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பட்டுப்புழுவும் ஒவ்வாமையைக் கிளப்பலாம். துணிச்சலுக்குத் தின்று பார்க்கும் இளைஞர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மழை விட்ட மாலையில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, இறகைப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வயல் நத்தையும் அப்படியே. ஒடிசாவின் மயூர்பஞ்ச் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கெல்லாம் ஒரு வெளிநாட்டுக்காரர் போய் முகத்தைச் சுளித்துப் படம் எடுத்துப் போட்டால் நம் கடிதங்கள் எப்படி இருக்கும்?

கடைசியாக, 'அங்கே நாய்க்கறி சர்வ சாதாரணம்' என்ற வரி. நாய்க்கறிக்காக நாய் வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடுக்கும் சட்டத்தைக் கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியிலேயே நிறைவேற்றிவிட்டது. தண்டனைகள் 2027 முதல் நடைமுறை. என் மகளோடு வேலை பார்க்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
தருமபுரி மாவட்டம்