எல்ம் மரம் வைக்கிறவை முதல்ல மண்ணைப் பாருங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

பனி கரைஞ்ச உடனே எங்கட சனம் கராஜுக்குள்ள இருந்து மண்வெட்டியை எடுத்திடும். கத்தரி, மிளகாய், தக்காளிக் கண்டு வைக்கிறதைப் பற்றி பத்திரிகைகளில நல்லா எழுதுறீங்கள், ஆனா மரம் வைக்கிறதைப் பற்றி, அதுவும் அதுக்கான மண்ணைப் பற்றி ஒருத்தரும் எழுதக் காணேல்லை, அதுதான் இந்தக் கடிதம். கனடாவில, ரொறன்ரோவை ஒட்டின ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் நிழலுக்கெண்டு எல்ம் மரம் வைக்க விரும்புற ஆக்கள் இருக்கினம், நல்ல விஷயம், வைக்கத்தான் வேணும். ஆனா எங்கட ஆக்கள் கிடங்கு வெட்டுற முறை ஊரில தென்னம்பிள்ளைக்கும் மாங்கண்டுக்கும் வெட்டின அதே முறை. அது இந்த மண்ணுக்குச் சரிவராது.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை யோசிச்சுப் பாருங்கோ. கீழ சுண்ணாம்புக்கல்லு, தண்ணி ஊத்த ஊத்த இறங்கிப் போகும். அதால ஆழமாக் கிடங்கு வெட்டி, எருவும் குழையும் தாட்டு, ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறது சரியான வேலை, எங்கட அப்பா அம்மா விஷயம் தெரிஞ்சுதான் செய்தவை. இஞ்ச நிலைமை தலைகீழ். ரொறன்ரோவைச் சுத்தியுள்ள கன இடங்களில கீழ கிடக்கிறது பனிப்பாறை விட்டுட்டுப் போன களிமண். அதுக்கு மேல புது வீடு கட்டேக்க மேல்மண்ணை வழிச்செடுத்து, பெரிய மெஷின்களை நாள் முழுக்க ஓட்டி, மிச்ச மண்ணை இறுக்கி, கடைசியில மெல்லிசா கொஞ்ச மண்ணைத் தூவி புல்லுச் சுருளை விரிச்சு விடுறது வழமை. மேல பார்க்க பச்சைப் பசேலெண்டு வடிவா இருக்கும், மண்வெட்டி ஒரு சாண் கூட இறங்காது.

இந்தக் களியில ஆழமாக் கிடங்கு வெட்டி, கடையில வாங்கின பை மண்ணையும் மாட்டெருவையும் நிரப்பினா என்ன நடக்கும்? அது அடியில ஓட்டை இல்லாத பூச்சட்டி மாதிரித்தான். மழைத் தண்ணியும் கரையிற பனியும் இளகின மண்ணுக்குள்ள ஓடி வரும், ஆனா வெளிய போக வழியில்லை, வேருக்குக் காத்து கிடைக்காது. வேரும் அந்தச் சொகுசு மண்ணுக்குள்ளயே சுத்திக்கொண்டு கிடக்கும், களிக்குள்ள போகாது. அதோட எரு உக்க உக்க மண் தாழும், மரமும் சேர்ந்து தாழும், அடித்தண்டு மண்ணுக்குள்ள புதைஞ்சு போகும். எல்ம் ஆத்துக்கரை மரம்தானே, தண்ணி நிண்டா என்ன எண்டு சிலர் கேப்பினம். ரூஜ் மாதிரி ஆத்துப் பள்ளத்தாக்குகளில தானா வளருற மரம்தான், கொஞ்ச நாள் வெள்ளத்தையும் தாங்கும், ஆனா வெள்ளம் வடிஞ்ச பிறகு அந்த ஆத்து மண்ணுக்குள்ள காத்து வரும், எங்கட கிடங்குக்குள்ள வராது.

அப்ப என்ன செய்யிறது? ஆழத்தை விட்டுட்டு அகலத்தைப் பாருங்கோ. வேர்க்கட்டி, அதாவது வேரோட வாற மண்ணுருண்டை, எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் கிடங்கின்ர ஆழம், அகலம் வேர்க்கட்டியின்ர அகலத்தைப்போல ரெண்டு மூண்டு மடங்கு. களிமண்ணை மண்வெட்டியால வெட்டினா பக்கச்சுவர் வழுவழுப்பா மினுங்கும், அதைத் தோட்டம் கொத்துற முள்ளால (ஃபோர்க்) கீறி விட வேணும், இல்லாட்டி வேர் உள்ள போகக் கஷ்டப்படும். வெட்டி எடுத்த அதே மண்ணை, கட்டியை உடைச்சுப் போட்டு, திருப்பி நிரப்புங்கோ. வேர் விரியத் தொடங்கிற இடம் நிலமட்டத்தில, இல்லாட்டி அதுக்குக் கொஞ்சம் மேல நிக்க வேணும். நேர்சரியில இருந்து வாற மரத்தில அந்த இடம் சாக்குக்குள்ள, மண்ணுக்கு அடியில ஒளிச்சுக் கிடக்கும், தோண்டிப் பார்த்திட்டு வையுங்கோ, மேல்பக்கத்துச் சாக்கையும் கம்பியையும் வெட்டி எடுங்கோ. கிடங்கு வெட்ட முதல் ஒன்டாரியோ ஒன் கோலுக்குச் சொன்னா காஸ், கரண்ட் லைன் எங்க போகுதெண்டு காசில்லாம குறிச்சுத் தருவினம், அது சட்டப்படியும் கட்டாயம்.

எருப் போடவே கூடாதெண்டு நான் சொல்லேல்லை. போடுறதெண்டா கிடங்குக்குள்ள மட்டும் போடாமல், மரம் நிக்கப்போற இடத்தைச் சுத்தி ரெண்டு மூண்டு மீற்றர் அகலத்துக்குப் புல்லை எடுத்து, கொம்போஸ்டைப் (உக்கின எருவை) பரப்பி, முள்ளால கொத்தி முழு நிலத்தையும் இளக்குங்கோ. அதையும் ஈரக்களியில செய்யாதேங்கோ, மிதிக்க மிதிக்க இன்னும் இறுகும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால குத்தினா உதிர வேணும், அப்பத்தான் கொத்துற பதம். களியை இளக்கிறதுக்கெண்டு மணலைக் கலக்கிற ஆக்களும் இருக்கினம், தயவு செய்து வேண்டாம், கொஞ்ச மணல் சேர்ந்தா களி இன்னும் கெட்டியாகும்.

தண்ணி வடியுமோ எண்டு பார்க்கிறதும் சுகம். ஒரு அடி ஆழத்தில குழி வெட்டி தண்ணி நிரப்பி, வடிஞ்ச பிறகு திருப்பி நிரப்பிப் பாருங்கோ. மணித்தியாலத்துக்கு ரெண்டரை சென்ரிமீற்றர் அளவில இறங்கினா நல்லது. அடுத்த நாளும் நிண்டா மரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, சுத்திவர அகலமா மண்ணணைச்சு வைக்க வேணும்.

இன்னொரு பழக்கம், சாம்பல். ஊரில வாழைக்குப் போட்டனாங்கள் எண்டு இஞ்சயும் கொட்டுறது. இந்தப் பக்கத்து மண் சுண்ணாம்புக்கல்லில இருந்து வந்தது, கனக்க இடத்தில ஏற்கனவே காரத்தன்மை. எல்ம் அதைத் தாங்கும், ஆனா மேல மேல சாம்பலும் சுண்ணாம்பும் போட்டா மண்ணில இரும்பு இருந்தும் மரம் எடுக்கேலாது, நரம்பு பச்சையா இருக்க இலை மஞ்சளாகும்.

மரம் பிடிச்ச பிறகு மண்ணைப் பராமரிக்கிறதைத்தான் ஆக்கள் அடியோட மறந்திடுறது. எல்மின்ர வேரில பெரும்பகுதி மேல் ஒண்டரை அடி மண்ணுக்குள்ளதான் இருக்கு, அதுவும் கொப்பு விரியிற எல்லையைத் தாண்டி ஓடும். அதுக்கு மேல கார் ஏத்தினா, மரத்தைச் சுத்திச் செங்கல்லு அடுக்கி மண் நிரப்பி செவ்வந்தி வைச்சா, கீழ இருக்கிற வேர் மூச்சுத் திணறும். பார்க்க வடிவுதான், மரத்துக்கு அது கேடு. அதுக்குப் பதிலா மரச்சீவல் மல்ச்சை (மண்ணை மூடுற போர்வை) அஞ்சு தொடக்கம் பத்து சென்ரிமீற்றர் தடிப்பில அகலமாப் பரப்புங்கோ, தண்டில முட்டாமல் ஒரு சாண் இடம் விடுங்கோ. முதல் ரெண்டு மூண்டு வருஷம் கோடையில கிழமைக்கு ஒருக்கா பைப்பை மெல்லமாத் திறந்து நல்லா ஊற விட வேணும், புல்லுக்கு அடிக்கிற தண்ணி மரத்துக்குக் காணாது.

இலையுதிர்காலத்தில விழுற இலையைப் பேப்பர் பையில கட்டி ரோட்டில வைக்கிறம், பிறகு வசந்தத்தில காசு குடுத்து கொம்போஸ்ட் வாங்கிறம். புல்லு வெட்டுற மெஷினை இலைக்கு மேல ரெண்டு தரம் ஓட்டி மரத்தடியில விட்டாலே காணும், மண்புழு மிச்சத்தைப் பார்க்கும். மாரியில டிரைவ்வேயில உப்புப் போட்டிட்டு அந்தப் பனியை வழிச்சு மரத்தடியில குவிக்காதேங்கோ. உப்பு களிமண்ணின்ர அமைப்பைக் குலைச்சு இன்னும் இறுக்கும்.

நல்ல மண்ணில வைச்சா எல்முக்கு நோய் வராது எண்டு நினைக்கிறது பிழை. டச்சு எல்ம் நோய் 1940களில கனடாவுக்குள்ள வந்த பூஞ்சண நோய், பட்டைக்குள்ள இருக்கிற வண்டுகள் காவிக்கொண்டு திரியும், கொழுத்த மரத்தையும் விழுத்தும். அதால பிரின்ஸ்டன், வேலி ஃபோர்ஜ் மாதிரி நோயைத் தாங்குற வகையாக் கேட்டு வாங்குங்கோ. ரெண்டு எல்மைக் கிட்டக் கிட்ட வைக்காதேங்கோ, மண்ணுக்குள்ள வேரோட வேர் ஒட்டி நோய் அந்த வழியாலயும் போகும். வசந்தத்திலயும் கோடையிலயும் கொப்பு வெட்டாதேங்கோ, பச்சைக்காயத்துக்கு வண்டு வரும். குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின்ர மரப்பூங்காவில, நோயைத் தாண்டி நிண்ட பழைய எல்ம்களில இருந்து கண்டு உண்டாக்கப் பாடுபட்டிருக்கினம். அந்த உழைப்பெல்லாம் இறுகின களியில வீணாப் போகக்கூடாது.

நகரசபையளிட்டயும் ஒரு விஷயம் கேக்க வேணும். புது வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி குடுக்கேக்க, புல்லு விரிக்க முதல் மண்ணை ஆழமா இளக்கி, வழிச்செடுத்த மேல்மண்ணைப் போதிய தடிப்பில திருப்பிப் போட வைக்க வேணும், போட்டதோ எண்டு வந்து பார்க்கவும் வேணும். எங்கட கவுன்சிலர்மார் வாக்குக் கேட்டு வரேக்க இதையும் கேளுங்கோ.

உங்கட பத்திரிகையில மரத்துக்கும் மண்ணுக்கும் மாசம் ஒரு பத்தி ஒதுக்கினா நல்லா இருக்கும். இந்த வசந்தத்தை விட்டவை ஒக்ரோபரிலயும் எல்ம் வைக்கலாம், அதுக்கு இப்பவே இடத்தைப் பார்த்து, புல்லை எடுத்து, கொம்போஸ்டையும் இலையையும் பரப்பி மூடி விட்டா, குழி வெட்டுற நேரம் மண் பாதி வேலையைத் தானே செய்து வைச்சிருக்கும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகர்