மூன்றாம் மாடி அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

நியூயார்க்கில் கலைஞர்களின் பேட்டை என்று பேர்பெற்ற கிரீனிச் வில்லேஜ் பற்றி நான் எழுதிவந்த தொடர் போன வாரம் முடிந்தது. பதினோரு மாதம் அந்தப் பேட்டையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு எழுதினேன். எழுத்து என்னுடையது, அதில் இருந்த விஷயம் பெரும்பாலும் பிறர் தந்தது. தந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. இந்த மடலை வரிவரியாக அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். பெயர் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லை.

முதல் நன்றி மூன்றாம் மாடி அம்மாவுக்கு. 1971லிருந்து ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் எழுதிய முதல் கட்டுரை ஒரு இரங்கல் உரை. கவிஞர்கள் போய்விட்டார்கள், காபிக் கடைகள் போய்விட்டன, பணக்காரர்கள் வந்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று எழுதியிருந்தேன். நீங்கள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டீர்கள். "முடிந்துவிட்டது என்கிறாயே, அப்படியானால் நான் யார்?" என்று கேட்டீர்கள். அன்றிரவே அதைக் கிழித்துப் போட்டேன். தொடருக்கு அன்றுதான் உயிர் வந்தது.

அடுத்து, ஜெஃபர்சன் மார்க்கெட் நூலகத்தில் எனக்காகப் பழைய செய்தித்தாள் நறுக்குகளைத் தேடித் தந்தவருக்கு. 1917 ஜனவரியில் ஜான் ஸ்லோன், மார்செல் டுஷாம்ப் முதலிய கலைஞர்கள் இங்குள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் வளைவின் உச்சியில் ஏறி நின்று, இந்தப் பேட்டை இனிச் சுதந்திரக் குடியரசு என்று அறிவித்த கதையை உங்களிடம்தான் கேட்டேன். கூடவே இன்னொன்றும் காட்டினீர்கள். ஏழாம் அவென்யூவைத் தெற்கே நீட்டுவதற்காக வீடுகளை இடித்து, 1918ல் அதன் அடியில் சுரங்க ரயிலும் வந்த பிறகு, "உண்மையான வில்லேஜ் போயே போய்விட்டது" என்று 1920களிலேயே புலம்பத் தொடங்கிவிட்டார்கள். நூறு வருடமாக ஒவ்வொரு தலைமுறையும் தன் இருபது வயதைத்தான் பேட்டை என்று நினைத்துக்கொள்கிறது. நானும் அதையே செய்யவிருந்தேன்.

நாம் உட்கார்ந்து படித்த அந்தக் கட்டடமே 1877ல் முடிந்த நீதிமன்றம். இடிபடவிருந்ததை மார்கோ கேல் என்ற பெண்மணி காப்பாற்றிய விதம் எனக்கு இன்னும் வியப்புதான். "கட்டடத்தைக் காப்பாற்றுங்கள்" என்று அவர் தொடங்கவில்லை. கோபுரத்தில் நின்றுபோன கடிகாரத்தை ஓட வையுங்கள் என்றார். கடிகாரத்துக்குக் குழு சேர்ந்தது, பணம் சேர்ந்தது, அந்தக் குழுவே கட்டடத்துக்கும் நின்றது. 1967ல் அது நூலகமாகத் திறந்தது. அவர் காலமாகிவிட்டார். ஆனாலும் அவருக்கு இங்கே ஒரு நன்றி சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

வாஷிங்டன் சதுக்கத்தின் தென்மேற்கு மூலையில் சதுரங்கம் ஆடும் பெரியவரே, உங்களிடம் நான் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. ஆனால் ஷெர்லி ஹேஸ் என்ற பெயரை முதலில் உங்கள் வாயால்தான் கேட்டேன். ஐந்தாம் அவென்யூவை இந்தப் பூங்காவின் நடுவே தெற்கே கொண்டுபோக, நகரத்தின் சாலைகளையும் பூங்காக்களையும் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டம் போட்டிருந்தார். நான்கு பிள்ளைகளின் தாயான ஷெர்லி ஹேஸ் 1952லிருந்து மனு எழுதினார், கையெழுத்து வாங்கினார், கூட்டம் கூட்டினார். அகலத்தைக் குறைக்கிறோம், தரைமட்டத்துக்குக் கீழே போடுகிறோம் என்று சமரசங்கள் வந்தன. பூங்காவுக்குள் வண்டியே வேண்டாம் என்பதில் அவர் அசையவில்லை. அருகே ஹட்சன் தெருவில் குடியிருந்த, நகரங்களைப் பற்றி எழுதிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் அந்தப் போராட்டத்தில் சேர்ந்தார். 1958 நவம்பரில் பூங்காவைப் போக்குவரத்துக்கு மூடியபோது வழக்கம்போல ரிப்பன் வெட்டவில்லை. ரிப்பனைக் கட்டினார்கள். முதலில் சோதனைக்காக என்று மூடியது, அடுத்த வருடம் நிரந்தரமானது. உலகம் ஜேக்கப்ஸை நினைவில் வைத்திருக்கிறது. ஹேஸை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கிதார் வாசிக்கும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

இணையாக ஓடவேண்டிய மேற்கு 4ஆம் தெரு மேற்கு 10ஆம் தெருவைக் குறுக்கே வெட்டும் இடத்தில் நான் திகைத்து நின்றபோது, 1811ல் நகரத்துக்கு நேர்நேரான தெருக்களாகக் கட்டம் போட்டவர்கள் வருவதற்கு முன்பே இந்தச் சந்துகள் இருந்தன என்று விளக்கி வழி சொன்ன தபால்காரருக்கும் நன்றி.

வாடகைதாரர் ஆலோசனை நடத்தும் அம்மணி, உங்களுக்குப் பட்ட கடன் கொஞ்சம் நீளமானது. 1969 ஏப்ரலில் இங்கே 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பாரம்பரியப் பகுதி என்று அறிவித்ததைப் பெரிய வெற்றியாக எழுதி உங்களிடம் காட்டினேன். "வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டம் ஜன்னல் சட்டகத்துக்குக் காவல். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கு யார் காவல்?" என்றீர்கள். பிறகு மேசையில் காகிதங்களைப் பரப்பி இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தீர்கள். வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு வீடு காலியாகி, அதன் வாடகை மாதம் 2,000 டாலரை எட்டினால் அது கட்டுப்பாட்டை விட்டே போய்விடலாம் என்று 1993ல் விதி வந்தது. அந்த வரம்பு பின்னால் ஏறியது, விதியை ஒழித்தது 2019 ஜூனில்தான். இடையில் வெளியே போன வீடுகள் திரும்பவில்லை. ஒரு ஓவியர் இறந்தாலோ ஊர் மாறினாலோ, அடுத்து வரும் இளைஞருக்கு அந்தக் கதவு இல்லை. 1961ல் பாப் டிலன் இங்கே வீடு எடுத்தபோது வாடகை மாதம் 60 டாலர் அளவில்தான். சுற்றுலாக்காரர்கள் அந்த வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். அவர் பாட்டுக்கு அந்த 60 டாலரும் ஒரு காரணம் என்று எழுதினேனே, அந்த வரி உங்களுடையது.

செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் வேலை பார்த்த செவிலியருக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. 1849ல் தொடங்கிய இடம். கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லேயின் நடுப்பெயரே அந்த மருத்துவமனையின் பெயர். பின்னாளில் அவர் குடியிருந்த ஒன்பதரை அடி அகல வீடு பெட்ஃபோர்டு தெருவில் இன்னும் நிற்கிறது. மருத்துவமனை 2010ல் மூடப்பட்டது, இப்போது அங்கே ஆடம்பரக் குடியிருப்புகள். எண்பதுகளில் எய்ட்ஸ் வார்டில் நீங்கள் பார்த்த இளைஞர்களைப் பற்றிச் சொன்னீர்கள். நடனக்காரர்கள், நடிகர்கள், தையல்காரர்கள். இந்தப் பேட்டை மாறியதற்கு வாடகையை மட்டும் காரணம் காட்டாதே, ஒரு தலைமுறையே செத்துப்போனது என்றீர்கள். எதிரே உள்ள நினைவுப் பூங்காவுக்கு என்னோடு வந்து, ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் குறிப்பெடுக்கவில்லை.

வெஸ்ட்பெத்தின் ஓவியருக்கு: பெல் ஆய்வுக்கூடமாக இருந்த அந்தக் கட்டடத்தை 1970ல் கலைஞர் குடியிருப்பாக மாற்றினார்கள், 380க்கு மேற்பட்ட வீடுகள், கட்டுப்படியாகும் வாடகை. 2012 சாண்டிப் புயலில் அடித்தளம் முழுக்கத் தண்ணீர். அங்கே வைத்திருந்த கித்தான்களில் மிஞ்சியதை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினீர்கள். கறை படிந்ததை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இன்னும் காயவில்லை" என்றீர்கள். அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர எனக்கு வரவில்லை. மன்னியுங்கள்.

கடைசி நான்கு வாரத்தில் எனக்கே அது நேர்ந்தது. நான் இருந்த கட்டடம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. புதிய உரிமையாளரை நான் பார்க்கவே இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்து, எனக்குச் சட்டப்படி இன்னும் எவ்வளவு அவகாசம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது ஆலோசனை அம்மணி. புத்தகப் பெட்டிகளைப் படியிறக்கியது சதுக்கத்துக் கிதார்ப் பிள்ளைகள். பதினேழு பெட்டி, லிஃப்ட் கிடையாது. கூலியாக ஒரு காசு வாங்கவில்லை. தொடரின் கடைசி மூன்று பகுதிகளையும் மூன்றாம் மாடியில், பியானோவின் மூடிமேல் தாளை வைத்துத்தான் எழுதினேன்.

அம்மா, இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறந்துவிட்டேன். உங்கள் வீட்டுச் சாவி இன்னும் என்னிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.