கோனும் கிங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல்லாராய்ச்சிப் பத்தியில், 'கோன் என்பதே ஜெர்மனில் கோனிக் ஆகி, ஆங்கிலத்தில் கிங் ஆனது' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். சான்று? காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறதாம்.

அந்த 'கோ' எப்போது வந்தது என்றாவது பார்த்திருக்கலாம். ஜெர்மன் மொழியின் மிகப் பழைய எழுத்து வடிவமான பழைய உயர் ஜெர்மனில் அரசனுக்குச் சொல் 'குனிங்'. பின்னால் வரும் இகரம் இழுத்ததில் உகரம் திரிந்து இடைக்காலத்தில் 'க்யூனிக்' ஆயிற்று. 'கோனிக்' அதற்கும் பிந்தியது. ஜெர்மன், ஆங்கிலம் முதலியவற்றின் பொது மூதாதையான மூல ஜெர்மானியத்துக்கு, கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் *குனிங்கஸ். அதைப் பழங்காலத்திலேயே கடன் வாங்கிய ஃபின்னிஷ், ஈற்று ஸகரம்கூட உதிராமல் இன்றும் 'குனிங்கஸ்' என்கிறது. லிதுவேனியாவில் 'குனிகஸ்' பாதிரியார் ஆகிவிட்டார், அது வேறு கதை.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி 'குலம்', பின்பாதி 'அதைச் சேர்ந்தவன்'. சுற்றத்தைக் குறிக்கும் ஆங்கில 'கின்' அந்த முன்பாதிதான். முதல் ஒலி, ஜெர்மானியம், லத்தீன், வடமொழி எல்லாவற்றுக்கும் பொதுவான ஆதிமொழியில் 'கங்கை'யின் ககரம். அது ஜெர்மானியத்தில் 'கல்'லின் ககரமாக வன்மை பெறும் என்பது 1822-இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் வகுத்த விதி. தாங்கள் அறியாததல்ல. லத்தீன் 'கெனுஸ்' (குலம்), வடமொழி 'ஜன' (மக்கள்) எல்லாம் இதன் உறவு. தமிழில் உறவு தேடியே ஆகவேண்டுமென்றால் வடமொழி வழி வந்த 'சனம்' இருக்கிறது. கட்டுரையாளருக்கு அது இனிக்காது.

இது முதல் தடவையுமல்ல. ஆங்கில 'ஹேவ்' லத்தீன் 'ஹபேரே'யிலிருந்து வந்தது என்று முன்பு எழுதினார். அதே கிரிம் விதிப்படி ஆங்கில ஹகரத்துக்கு எதிரே லத்தீனில் ககரம் நிற்கவேண்டும்: 'ஹண்ட்ரட்' – 'கெந்தும்', 'ஹார்ட்' – 'கோர்'. அந்தக் கணக்கில் 'ஹேவ்'வுக்கு உறவு, பிடித்தலைக் குறிக்கும் 'கபேரே'. அதையும் திருத்தவில்லை. மூல ஜெர்மானியச் சொல் கிளைமொழி எல்லாவற்றிலும் இருந்தே தீரும் என்று இன்னொரு முறை எழுதினார். வழக்கொழிந்த ஜெர்மானியக் கிளைமொழியான கோத்திக்கின் 4-ஆம் நூற்றாண்டு விவிலியத்தில் அரசனுக்குச் சொல் 'தியுதன்ஸ்'. நம் குனிங்கஸ் அங்கே தலைகாட்டவே இல்லை.

போகட்டும். பத்தியை நிறுத்துங்கள் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. அதற்கு ரசிகர்கள் அதிகம். மீட்டெடுத்த வடிவத்தின் முன் இடும் உடுக்குறியை (*) மட்டும் அச்சில் உதிர்த்துவிடாதீர்கள். எந்த ஏட்டிலும் கல்லிலும் இல்லாத, ஒப்பிட்டுக் கணித்த வடிவம் என்பதற்கான ஒரே அடையாளம் அது. அடுத்த இதழில் 'கிங்' பற்றி ஒரு வரித் திருத்தமும் இடம்பெற்றால் நன்றி. பத்தியின் கீழே சிறிய எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்