கை எரிந்தால் உடனே சொல்லுங்கள், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஹட்டன் டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறவள். எங்கள் கடைக்கு அதிகம் வருவது அடையாள அட்டை, அதற்கு அடுத்தது ஆஸ்பத்திரிக் கடுதாசி. அந்தக் கடுதாசிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பெல்லாம் நான் பார்த்ததே இல்லை, மெஷினில் வைப்பேன், காசை வாங்குவேன், அவ்வளவுதான். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகினேன். பார்த்தும் என்ன, பாதி சிங்களம், மீதி டொக்டர் கையெழுத்து.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு 21 நாளைக்கு ஒரு தடவை ஊசி மருந்து ஏற்றினார்கள். கீமோ என்று சொல்கிறார்களே, அதுதான். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நல்லது செய்த மிஸ்மாருக்கும் (நர்ஸ்மாரைத்தான் சொல்கிறேன்) சேர்த்துத்தான் பெயர் கெடும், அவர்கள் ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார்கள் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதம் சண்டை பிடிக்க இல்லை. மஹரகம, கண்டி, பதுளை என்று மருந்து ஏற்றப் போகிற நம்முடைய ஆட்கள் யாராவது போவதற்கு முன்னால் இதை வாசித்தால் போதும்.

முதல் தடவை பிரச்சினை இல்லை. இரண்டாவது தடவைதான் நடந்தது. விடிய மூன்று மணி பஸ்ஸில் போய், இரத்தம் பார்த்து, காத்திருந்து, பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். துணைக்குப் போகிறவர்களுக்கு வெளியே வாங்குதான். அம்மாவுக்குக் கொடுத்தது டொக்ஸோரூபிசின் என்ற மருந்து, ரோஸ் சர்பத் மாதிரி சிவப்பாக இருக்கும். அது இறங்க இறங்கப் புறங்கை எரிந்திருக்கிறது. மிஸ் வந்து "ஹரித அம்மே?" என்று கேட்டிருக்கிறார், சரியா அம்மா என்று. அம்மாவும் "ஹரி மிஸ்" என்று தலையாட்டியிருக்கிறார். பிறகு நான் சண்டை போட்டபோது அம்மா சொன்னது இது: "மருந்துன்னா எரியத்தானே செய்யும், அதுக்கும் கத்துனா தோட்டத்துப் பொம்பளைன்னு சிரிப்பாங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு சிங்கள அக்கா கையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டதால் தப்பினோம். அதற்குள் ஊசி போட்ட இடம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. மிஸ் ஓடி வந்து உடனே மருந்தை நிறுத்தி, குத்தியிருந்த குழாயைக் கழற்றாமல் அதன் வழியாகவே கசிந்த மருந்தை இழுக்கப் பார்த்து, பிறகு ஐஸ் வைத்தார்களாம். டொக்டரும் வந்தார். ஆனாலும் அடுத்த சில நாளில் தோல் சிவந்து, கொப்பளித்து, கறுத்து, அந்தப் புண் ஆற இரண்டு மாதம் போனது. அடுத்த மருந்தும் தள்ளிப் போனது. அம்மாவுக்கு இன்றைக்கும் அந்தக் கையில் ஒரு ரூபாய்க் குத்தி அளவில் கறுப்புத் தழும்பு இருக்கிறது.

இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த மருந்துகளில் சிலது நரம்புக்குள்ளே போனால்தான் மருந்து, வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். எரிவு, சுள்ளென்ற குத்து, இறுக்கம், வீக்கம், ஊசி போட்ட இடத்தில் ஈரம், ஓடிக்கொண்டிருந்த சேலைன் திடீரென்று மெதுவாகிறது, இதில் எது நடந்தாலும் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வதற்கு இது பிரசவ வலி இல்லை. கூப்பிட்டு ஒன்றுமில்லை என்று ஆனாலும் குற்றமில்லை, மிஸ் பார்த்துவிட்டுப் போவார். சிங்களம் தெரியாவிட்டால் இரண்டு சொல்லை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போங்கள்: "தனவா" என்றால் எரிகிறது, "ரிதெனவா" என்றால் வலிக்கிறது. அதுவும் வராவிட்டால் கையைத் தூக்கிக் காட்டித் தமிழிலேயே கத்துங்கள்.

சில பேருக்கு அங்கே ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு வந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிவக்கும். அப்போதும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். சித்தாலேப தேய்க்கிறது, எண்ணெய் போட்டு உருவுகிறது, ஒத்தடம் கொடுக்கிறது எல்லாம் வேண்டாம். ஒரு மருந்து கசிந்தால் குளிர் வைப்பார்கள், இன்னொரு மருந்துக்குச் சூடு வைப்பார்கள், மாற்றி வைத்தால் புண் மோசமாகிவிடும். அந்தக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும்.

கொழுந்து பறிக்கிற கையில் நரம்பு பிடிப்பது லேசான வேலை இல்லை. அம்மாவின் கையை முதல் நாள் தட்டித் தட்டிப் பார்த்த மிஸ், "இது என்ன கை அம்மே" என்று சிரித்தார். முப்பது வருஷம் மழையிலும் பனியிலும் நின்று காய்த்துப் போன கை. அதோடு ஹட்டன் குளிரில் நரம்பெல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ளும். முதல் நாளும் அன்று காலையும் தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்லுங்கள் (பஸ்ஸில் ஒண்ணுக்கு வரும் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டு போவது நம் பெண்களின் பழக்கம், அதை விட வேண்டும்), கையைச் சுவெட்டருக்குள் வைத்துச் சூடாகக் கொண்டு போங்கள். மார்பில் ஆபரேஷன் செய்து கக்கத்துக் கட்டிகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் ஊசி போட வரும்போது இந்தப் பக்கம்தான் ஆபரேஷன் என்று நாமே ஞாபகப்படுத்துவது நல்லது.

அப்புறம் நிறை. மருந்தின் அளவை உயரமும் நிறையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நாங்கள் மலையிலிருந்து இறங்கும்போது சுவெட்டர், அதற்கு மேலே சால்வை, அதற்கு மேலே அண்ணனின் ஜக்கெட் என்று போட்டுக்கொண்டு போய் அப்படியே தராசில் ஏறுகிறோம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறுங்கள். பெயரும் அப்படித்தான். அம்மாவின் பெயரில் எங்கள் டிவிஷனிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், சிங்களத்தில் எழுதும்போது ஒவ்வொரு கடுதாசியிலும் ஒவ்வொரு விதமாக விழும். அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் கிளினிக் கொப்பியில் இருக்கிற நம்பரும் மருந்துப் பையில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கோபிக்க மாட்டார்கள், அவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ குடிக்கிற மாத்திரை, யாரோ சொன்னார்கள் என்று அவித்துக் குடிக்கிற கசாயம், எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். கசாயத்தைச் சொல்ல அம்மா வெட்கப்பட்டார். நான்தான் காட்டிக் கொடுத்தேன்.

மருந்து ஏற்றி வீட்டுக்கு வந்த முதல் இராத்திரி அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. இரத்தம் என்று நினைத்து லயமே கூடி அழுதது, பக்கத்து வீட்டுப் பாட்டி விபூதி போட்டார். அந்தச் சிவப்பு மருந்தின் நிறம்தான் அது, ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். ஆனால் சில நாள் கழிந்தும் சிவப்பாகப் போனாலோ, போகும்போது எரிந்தாலோ அது வேறு கதை, கட்டாயம் காட்ட வேண்டும். கூடவே கொடுக்கிற சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்து மூத்திரப் பையைப் புண்ணாக்கக்கூடியது, அதற்காகத்தான் தண்ணீர் குடி, அடிக்கடி போ என்று சொல்கிறார்கள். இதை ஒரே ஒரு வரி தமிழில் எழுதித் தந்திருந்தால் அந்த இராத்திரி நாங்கள் தூங்கியிருப்போம்.

மருந்து ஏற்றி 48 மணித்தியாலம் வரைக்கும் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து கலந்திருக்கும் என்று நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொமட் என்றால் மூடியை மூடி இரண்டு தடவை தண்ணீர் அடிக்கச் சொல்கிறார்கள். நம்முடைய கக்கூஸில் மூடிக்கு எங்கே போவது? தெறிக்காமல் மெதுவாக இரண்டு வாளி ஊற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் சரி. இரண்டு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் இருக்கிற லயத்தில் இதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லத்தான் வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், கிளவ்ஸ் இல்லாவிட்டால் கையில் ஷொப்பிங் பேக்கைக் கட்டிக்கொண்டாவது செய்யுங்கள். பிள்ளை வயிற்றில் இருக்கிறவர்கள் தொடவே கூடாது. எங்கள் அண்ணி அப்போது ஐந்து மாதம், இது தெரியாமல் பீலியில் உட்கார்ந்து அத்தனை துணியையும் துவைத்துப் போட்டார். நல்ல வேளையாகப் பிள்ளை சுகமாகப் பிறந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டு நோயாளியை மூலையில் தனியாக வைக்கிற வேலையும் வேண்டாம். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம்.

காய்ச்சலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் மட்டில் இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளை அணு நன்றாகக் குறைந்துபோகும். அந்த நேரத்தில் வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை, சில மணித்தியாலத்தில் ஆளைச் சாய்த்துவிடும். 38 பாகை செல்சியஸ், பழைய தேர்மோமீட்டர் என்றால் 100.4, அதைத் தொட்டால் இராத்திரியானாலும் போயாவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் தேர்மோமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும், புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போதாது. பார்க்காமல் இரண்டு பெனடோல் கொடுத்துப் படுக்க வைத்தால் சூடு தெரியாமல் மறைந்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும், அங்கேதான் ஆபத்து. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், லயத்து வாசல் வரைக்கும் ரோட்டு இல்லாவிட்டால் மேலே மெயின் ரோட்டுக்கு ஆளைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்காராமல் கிளினிக் கொப்பியை நீட்டி முதல் வார்த்தையே "கீமோ" என்று சொல்லுங்கள், அந்தச் சொல் மூன்று மொழிக்கும் ஒன்றுதான்.

நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா வருவார், வாங்கில் பழக்கமானவர். குடல் புற்றுநோய்க்கு ஒக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து. அது ஏறினால் குளிர் ஆகாது, குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரலில் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும், குடித்தால் தொண்டை அடைக்கிற மாதிரி வரும். ஜனவரிப் பனியில் விடியக் காலையில் பீலித் தண்ணியில் முகம் கழுவிய மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார்! பேய்க்காற்று அடித்துவிட்டது என்று இரண்டு தடவை மந்திரித்திருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொள், மூக்கையும் வாயையும் துணியால் சுற்றிக்கொள், சுடுதண்ணி கலந்து பாவித்துக்கொள் என்று யாரும் அவருக்கு விளங்குகிற மாதிரி சொல்லவில்லை. கொழும்பில் இருக்கிறவருக்கு ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று சொன்னால் போதும். எங்கள் ஊரே ஃபிரிட்ஜ்தான்.

பிறகு அம்மாவுக்குப் பாக்லிடாக்ஸல் என்று வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அது ஆரம்பித்த முதல் சில நிமிஷத்தில் நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டுதல், அரிப்பு, முகம் சிவத்தல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். இந்தத் தடவை அம்மா லேசாக அரித்ததற்கே மிஸ்ஸைக் கூப்பிட்டாராம். விரல் நுனி மரத்துப்போனதையும் டொக்டரிடம் சொன்னோம், பொத்தான் போட முடியவில்லை என்று செய்து காட்டினார்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. அதனால் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நான் கேட்பது, இந்த விஷயங்களைத் தமிழிலும் எழுதித் தாருங்கள். அதற்காகப் பெயருக்கு ஒரு மொழிபெயர்ப்பைத் தந்துவிடாதீர்கள். "நாளத்தினூடாகச் செலுத்தப்படும் இரசாயன சிகிச்சையின் பக்கவிளைவுகள்" என்று எழுதினால் எனக்கே இரண்டு தடவை வாசிக்க வேண்டும், அம்மாவுக்கு எங்கே விளங்கும்? கை எரிந்தால் சொல், சுடுதா பார், இரண்டு வாளி ஊற்று என்று இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்ல, மருந்து ஏற்றுகிற நாளில் தமிழ் தெரிந்த ஒரு ஆளாவது அங்கே நிற்க வேண்டும்.

மேலே எழுதியதையெல்லாம் சுருக்கி, ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்கு டைப் பண்ணி வைத்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் அடித்துக் கொடுக்க முதலாளியும் சம்மதித்துவிட்டார். ஆனால் நான் மிஸ்ஸும் இல்லை, டொக்டரும் இல்லை. தப்பாக ஒரு வரி போய்விட்டால் அது நூறு வீட்டுக்குப் போகும் என்ற பயத்தில் தாள் இன்னும் லாச்சிக்குள்தான் கிடக்கிறது. இதை வாசிக்கிற புற்றுநோய் டொக்டர் யாராவது, தமிழ் தெரிந்தவர், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிச் சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தால் அடுத்த நாளே அடிக்கத் தொடங்கிவிடுவேன். என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்.