பெற்றோர் தந்த விசுவாசத்தைச் சோதித்துப் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை நெருங்குகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அன்று கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை, அதாவது கடவுளின் வாக்குறுதியாக ஒரு வசனம் எழுதிய அட்டைதான் ஆண்டு முழுவதற்குமான வேதவசனம். பலரும் ஆசையோடு எதிர்பார்ப்பது எரேமியா 29:11. உங்கள்மேல் நான் கொண்டிருப்பது தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் இடம் அது. ஆனால் இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா எழுதிய கடிதம்; முந்தைய வசனம், அங்கே எழுபது வருஷம் கழிந்த பிறகே திரும்பி வருவீர்கள் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்கவே முடியாது. அதுவரை என்ன செய்வதாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், குடியேறிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கின்றன 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள். ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைப்பது அரிது. ஒற்றை வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால் இது அத்தனையும் போய்விடுகிறது. ஜூன் மாதம் வேலை போனால், வாக்குத்தத்தம் பலிக்கவில்லை என்று விசுவாசமே ஆட்டம் காண்கிறது.

இந்தப் பழக்கம் அப்போஸ்தலர் காலத்தது அல்ல. ஆண்டிறுதி விழிப்பு ஆராதனையை மொராவியர் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரிடமிருந்து 1740களில் எடுத்துப் பரப்பியவர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. நாளுக்கொரு வசனத்தைச் சீட்டெடுத்துத் தேர்ந்த அதே மொராவியர், ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்து 1731 முதல் அதை நூலாகவே அச்சிட்டு வருகிறார்கள். பிற்காலத்தது என்பதற்காகவே அட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அட்டையைக் கொடுக்கட்டும், கூடவே அந்த அதிகாரத்தையும் வீட்டில் முழுதாக வாசிக்கச் சொல்லட்டும்.

எதைக் காப்பது, எதை விடுவது என்பதற்கு அளவுகோல் மாற்கு 7:1-13இல் இருக்கிறது. கைகழுவும் முறைமையைவிட இயேசு அங்கே கடுமையாகக் கண்டிப்பது கொர்பானை. உடைமையைக் கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டு, அதைக் காட்டியே தாய் தகப்பனைக் கைவிட அந்தப் பாரம்பரியம் இடம் கொடுத்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பதல்ல; தேவகட்டளை ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கிறதா என்பதே. முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள் என்று பவுலும் எழுதியிருக்கிறார் (2 தெசலோனிக்கேயர் 2:15). அவரே, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார்.

வீட்டில் செய்ய எளிய வழி உண்டு. வாரம் ஒரு மாலை, முக்கால் மணி நேரம், ஒரே ஒரு பழக்கம். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: என்ன செய்கிறோம், வேதத்தில் எங்கே இருக்கிறது, எப்போது யாரால் வந்தது, விட்டுவிட்டால் யாருக்கு என்ன இழப்பு. மூன்றாம் பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே நிற்கும். போதகரிடம் கேட்டு நிரப்புங்கள். இந்த முயற்சி எங்கே கெட்டுப்போகிறது என்றால், பிள்ளைகள் பெரியவர்களின் பழக்கத்தை முதலில் எடுத்து வைக்கும்போது. அப்பா எழுந்து போய்விடுவார், அதோடு முடிந்தது. அவரவர் தமக்குப் பிரியமான பழக்கத்தையே முதலில் மேசையில் வைக்க வேண்டும்.

தமிழ் ஆராதனையை விட்டு ஆங்கில சபைகளுக்குப் போகும் இளையோருக்கும் இது பொருந்தும். பாரம்பரியத்தை உதறிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பிரசங்கம் முடிந்ததும் மனம் திரும்பியவர்களை முன்னால் வரச் சொல்லி அழைக்கும் வழக்கமோ 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களில் பரவியது. அதுவும் யாரோ கொடுத்துப் போன பாரம்பரியம்தான்.

இந்த அளவுகோலின் முன் நிற்கவே முடியாதது ஒன்று: வரன் தேடும்போது சாதி கேட்பது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்து, திருவிருந்தையும் அந்த வரிசையிலேயே வாங்கிய காலம் உண்டு. அதை உடனே, அடியோடு விட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். பலர் சாதியை விடவில்லை. சபையை விட்டுப் போனார்கள். இருக்கை வரிசை இன்று மறைந்துவிட்டது. வரன் குறிப்பில் சாதிப் பெயர் இன்னும் இருக்கிறது. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன் என்ற பிரிவில்லை எனும் கலாத்தியர் 3:28ஐ ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டு, திங்கட்கிழமை தரகரிடம் சாதியை எப்படிச் சொல்கிறோம்? திருமண ஆலோசனைக்குப் போதகர்கள் மணமக்களை மட்டும் அழைத்தால் போதாது. பெற்றோரையும் அழைத்துப் பேச வேண்டும். அதுவும் நிச்சயதார்த்தம் முடிந்த பிறகல்ல, வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்