துஞ்சியவர் தூங்கவில்லை

ஆசிரியருக்கு,

'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்ற பெயரைப் புறநானூற்றில் பார்த்துவிட்டு, "ராஜா குளத்தங்கரையில் தூங்கிட்டாரா தாத்தா?" என்று பேரன் கேட்டான். சிரிப்பு வந்தாலும் கேள்வியில் தப்பில்லை. துஞ்சுதல் என்றால் தூக்கமும்தான், சாவும்தான். 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' என்ற குறளில் அது வெறும் தூக்கம். அரசன் பெயரோடு ஒட்டி வந்தால், அவன் உயிர்விட்ட இடத்தைச் சொல்கிறது. சுந்தர சோழன், கல்வெட்டுகளில் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. தக்கோலப் போரில் யானை மேலேயே மாண்ட சோழ இளவரசன் இராசாதித்தனோ 'ஆனைமேல் துஞ்சின தேவர்'! போர்க்களத்தில், அதுவும் யானை மேல், யார் தூங்குவார்? அப்புறம்தான் பேரனுக்குப் புரிந்தது. நம் இரங்கல் விளம்பரங்களில் 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' போன்றவைதான்; 'துஞ்சினார்' என்ற சொல்லையே காணோம்.

– ஒரு வாசகர், மதுரை