அது திருவிழாவில் வாங்கிய கிலுகிலுப்பை இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததென்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "எந்த ஊர்த் திருவிழாவில் வாங்கிய கிலுகிலுப்பை, அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். திருவிழாவில் வாங்கியது இல்லை அது. உனக்கு நினைவிருக்க வழியில்லை. 1979இல் கரீபியன் தீவான டிரினிடாடை விட்டு நாம் கிளம்பியபோது உனக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. எனக்கு ஒன்பது.

அப்பாவுக்கு செயின்ட் அகஸ்டின் பல்கலைக்கழகத்தில் கொக்கோ ஆராய்ச்சி வேலை. குடியிருந்தது லோப்பினோ கிராமத்தில். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு, வளைந்து வளைந்து போகும் சாலை, திரும்பிய பக்கமெல்லாம் கொக்கோ மரங்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய ஒரு காலத்தில் வெனிசுலாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரில் நிறைய. பக்கத்து வீட்டில் டான்டி இருந்தார். அத்தை, பெரியம்மா, சித்தி எல்லோருக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். அவர் பிறந்தது அடுத்த பள்ளத்தாக்கான கௌராவில். அணை கட்டப்போவதாகச் சொல்லி 1940களில் அந்த ஊரையே காலி செய்ய வைத்தார்கள். அணை கட்டப்படவே இல்லை. இதைச் சொல்ல நேரும்போதெல்லாம் டான்டி கைவேலையை நிறுத்திவிடுவார்.

டிசம்பர் பிறந்தால் ஊர் முழுக்க வார்னிஷ் வாசனைதான். நாற்காலி மேசையெல்லாம் தேய்த்துப் பூசி வெயிலில் நிற்கும். கேக்குக்கான உலர்திராட்சையும் மற்றப் பழங்களும் மாதக்கணக்கில் ரம்மில் ஊறியிருக்கும். பெரிய பையன்கள் மூங்கிலின் கணுக்களைக் குத்தித் துளைத்து, அடிக்கணுவை மட்டும் விட்டுவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைப்பார்கள். மலையில் மோதித் திரும்பும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குத் தீபாவளி நினைவு வந்துவிடும்.

நம் முதல் கிறிஸ்துமஸ் 1977. அப்பா வேலையாக வெளியூர் போயிருந்தார். நள்ளிரவு தாண்டியிருக்கும். வாசலில் திடீரென்று கம்பி வாத்தியங்களும் பத்துப் பன்னிரண்டு ஆண்குரல்களும் கேட்டன. அம்மா விளக்கை அணைத்துவிட்டு உன்னை மடியில் போட்டுக்கொண்டு என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. பாடினார்கள், சற்று நிறுத்தினார்கள், மறுபடி பாடினார்கள். பிறகு போய்விட்டார்கள்.

விடிந்ததும் டான்டி வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலங்கள். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையா என்றுதான் முதலில் கேட்டார். அதற்கு மேல்தான் விஷயம் தெரிந்தது. வந்தவர்கள் பராங் கோஷ்டி. ஏசு பிறந்த செய்தியை ஸ்பானிய மொழியில் வீடுவீடாகப் பாடிப் போகிறவர்கள். அந்த மொழியைப் பேசத் தெரியாதவர்களும்கூட அதில் பாடுவார்கள். வாசலில் நின்று முதலில் பாடுவதே கதவைத் திறக்கச் சொல்லும் பாட்டு.

அம்மா அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. "மார்கழி பஜனை வாசலுக்கு வந்தால் நம் ஊரில் கதவைச் சாத்தியா வைப்போம்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருத்தம் ஒரு வருடம் முழுக்க அவளிடம் இருந்தது. டான்டியின் தோட்டத்தில் சோரல் என்ற செடி இருந்தது. அதன் சிவப்புப் புல்லி இதழ்களை லவங்கம், பட்டை, ஆரஞ்சுத் தோலோடு ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்தால் கிறிஸ்துமஸ் பானம் தயார். அம்மா ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். கண் விரிந்தது. புளிச்சக்கீரை! மடி நிறையப் பறித்து வந்து, கடைந்து, கடுகும் மிளகாயும் தாளித்து டான்டிக்குக் கொடுத்தாள். இலையைத் தின்ற வழக்கமே இல்லாத டான்டி கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டார். அந்த வருடம் நமக்கென்று இறைச்சி இல்லாமல், பயறு வைத்து பஸ்டெல் செய்தார். சோள மாவைத் தட்டி, பூரணம் வைத்து, வாழையிலையில் மடித்து நூலால் கட்டி வேகவைப்பது. நூலைக் கட்டும் வேலை எனக்கு.

1978, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று டின் முறுக்கு, ஒரு பானை சோரல். அப்பா இரண்டு முறை தூங்கி விழுந்தார். அம்மா கண்ணை மூடவில்லை. கடைசியில் சாலைத் திருப்பத்தில் குவாட்ரோவின் ஒலி கேட்டது. நான்கு கம்பி உள்ள சின்ன கிதார் அது. அவர்கள் வாசலுக்கு வந்து முதல் பாட்டின் முதல் அடியைப் பாடி முடிக்கவில்லை, அம்மா கதவைத் திறந்துவிட்டாள். முழுப் பாட்டும் ஆன பிறகுதான் திறக்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே முழுவதையும் பாடிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

நீ தூக்கத்திலிருந்து எழுந்து நேரே ஒரு தாத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாய். அவர் கையில் இருந்ததுதான் இது. ஷாக்ஷாக் என்பார்கள். திருவோட்டுக்காயைக் குடைந்து, விதைகள் போட்டு, கைப்பிடி செருகியது. கிளம்பும்போது பாட அவர்களுக்கென்று விடைபெறும் பாட்டு ஒன்று உண்டு. அது முடிந்தும் நீ அதை விடவில்லை, அழுதாய். அவர் உன் விரல்களைப் பிரிக்கவில்லை. மீதி வீடுகளுக்குக் கைதட்டிக்கொண்டே போனார்.

கைப்பிடி செருகிய இடத்தில் மெல்லிய விரிசல் ஒன்று இருக்கும், பார். படத்தில் தெரியவில்லை. மறுநாள் காலை டான்டி வீட்டுத் திண்ணையில் அதைத் தட்டித் தட்டி நீ பாடியபோது விழுந்தது.

அன்புடன்,
அக்கா